கரன்ட் இல்லாத இடத்தில் மோட்டார் ஹோம்: பேட்டரி தீராமல் இருக்க சோலார் போடும் முறை

டிசம்பர் விடுமுறையில், முதல் தடவையாக எங்கள் மோட்டார் ஹோமை (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். பெரிய பாறைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. இரவில் வானம் கொள்ளாத நட்சத்திரம். விடியற்காலை மூன்றரை மணிக்கு, கேஸ் கசிவைக் காட்டும் கருவி விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. கேஸ் எதுவும் கசியவில்லை. பேட்டரி இறங்கிவிட்டதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. ஹீட்டர் எரிவது புரொபேனில் என்றாலும், அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறிக்கு 12 வோல்ட் கரன்ட் வேண்டும். விசிறி நின்றது, அதோடு ஹீட்டரும் நின்றது. வெளியே தண்ணீர் உறையும் குளிர். பிள்ளைகள் இருவரையும் எங்கள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

வண்டியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அந்தப் பூங்காவில் ஜெனரேட்டர் ஓட்ட காலை 7 முதல் 9 வரை, பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டும்தான் அனுமதி. பக்கத்துக் கூடாரத்தில் சின்னக் குழந்தை தூங்கும்போது அந்த விதியின் அருமை புரியும். மின் இணைப்பு தரும் கம்பமும் அங்கே எந்த கேம்ப்கிரவுண்டிலும் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில்தான் சோலார் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு கூரையில் பேனல் போட்டு, நான்கு குளிர்காலம் அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் தங்கிவிட்டோம். புதிதாக வண்டி வாங்கியிருப்பவர்கள் எங்களைப் போல ஓர் இரவு நடுங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் வரும் கணக்கெல்லாம் அந்தப் பகுதியின் குளிர்காலத்துக்கானது. வேறு ஊரில் வெயில் அளவு மாறும், முறை மாறாது.

வண்டியில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்று பாருங்கள்

மோட்டார் ஹோமில் பேட்டரிகள் இரண்டு வகை. எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒன்று. பெரும்பாலும் முன்னால் பானெட்டுக்குள் இருக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி, ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு இதெல்லாம் ஓடுவது இன்னொன்றில். அதை ஹவுஸ் பேட்டரி என்பார்கள். ஏறும் படிக்கு அடியிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ இருக்கும். சோலார் முதலில் சார்ஜ் செய்ய வேண்டியது இந்த ஹவுஸ் பேட்டரியைத்தான்.

பேட்டரியை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு லிட்டர் எப்படியோ, பேட்டரிக்கு ஆம்பியர்-மணி அப்படி. விளக்கும் விசிறியும் குழாய்கள். பேனல் என்பது பகலில் மட்டும் சொட்டும் ஒரு மெல்லிய ஊற்று. குழாய்களை இரவு முழுக்கத் திறந்துவிட்டால் எவ்வளவு பெரிய ஊற்றும் ஈடுகொடுக்காது. எங்கள் வண்டியோடு வந்தது குரூப் 24 அளவில் ஒரே ஒரு ஈய-அமில பேட்டரி, சுமார் 80 ஆம்பியர்-மணி. அதில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான், 40. எட்டு ஆம்ப் இழுக்கும் ஹீட்டர் விசிறி ஐந்து மணி நேரம் ஓடினால் அந்த நாற்பதும் தீர்ந்துவிடும். அந்த இரவில் நடந்தது அவ்வளவுதான்.

பேனல் வாங்குமுன் செலவுக் கணக்கு

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?” நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறோம்?” ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். இங்கே அளக்காமல் போட்டால் பேனலுக்கும் பேட்டரிக்கும் கொடுத்த பணம் வீணாகும்.

கணக்கு சுலபம். ஒரு சாமான் எத்தனை ஆம்ப் இழுக்கிறதோ, அதை அது ஓடும் மணிகளால் பெருக்குங்கள். சாமானில் வாட் மட்டும் எழுதியிருந்தால் 12 ஆல் வகுத்தால் ஆம்ப் கிடைக்கும். நாலு பேர் உள்ள எங்கள் குடும்பத்தின் ஒரு குளிர்கால நாளைச் சொல்கிறேன். ஹீட்டர் விசிறி 8 ஆம்ப்; விட்டுவிட்டு ஓடுவதால் இரவு முழுவதற்கும் சேர்த்து 4 மணி நேரம், ஆக 32. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் கன்ட்ரோல் போர்டு, கேஸ் கசிவுக் கருவி, தெர்மோஸ்டாட், ரேடியோவின் கடிகாரம் இவையெல்லாம் 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; அது 20. எல்இடி விளக்குகள் 6. தண்ணீர் பம்ப் 7 ஆம்ப் இழுக்கும், ஆனால் மொத்தமாக இருபது முப்பது நிமிடம்தான் ஓடும்; 3 என்று வையுங்கள். கூரை விசிறி 6. நாலு போன்கள் 6. ஒரு லேப்டாப் மூன்று மணி நேரம், இன்வெர்ட்டரில் போகும் சேதாரத்தோடு 17. மொத்தம் 90 ஆம்பியர்-மணி.

இந்தக் கணக்கில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அந்த 20 தான். ஒரு விளக்குகூடப் போடாமல் வண்டியைப் பூட்டிவிட்டு மலையேறப் போனாலும் அது போய்க்கொண்டே இருக்கும். பழைய வண்டி என்றால் விளக்குகளையும் பாருங்கள். குண்டு பல்பு ஒன்று ஒன்றரை ஆம்ப் இழுக்கும். அதே வெளிச்சத்தை எல்இடி கால் ஆம்புக்குள் தரும். பேனல் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய மலிவான வேலை பல்பு மாற்றுவதுதான்.

சமையலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எலெக்ட்ரிக் குக்கர் பழக்கம் அதிகம். 500 வாட் ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சாதம் வைத்தால், இன்வெர்ட்டர் சேதாரமும் சேர்த்து 23 ஆம்பியர்-மணி போய்விடும். குளிர்காலத்தில், கூரையில் படுத்துக்கிடக்கும் 100 வாட் பேனல் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு தராது. அதே சாதத்தைப் பிரஷர் குக்கரில் வைத்து வண்டியின் கேஸ் அடுப்பில் ஏற்றினால் பேட்டரிக்குச் செலவே இல்லை. சட்னிக்கு மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடினால் இரண்டு மூன்று ஆம்பியர்-மணிதான், தாராளமாக ஓட்டலாம். இன்வெர்ட்டர் மட்டும் மிக்ஸியின் ஆரம்ப இழுப்பைத் தாங்க வேண்டும். மைக்ரோவேவ் பேட்டரியிலிருந்து ஒரே நேரத்தில் 120 ஆம்புக்கு மேல் இழுக்கும். கூரை ஏசி பக்கமே போக வேண்டாம். அதற்கு ஜெனரேட்டரோ மின் கம்பமோ தேவை.

தாளில் போட்ட கணக்கை நிஜத்தோடு ஒப்பிட ஷன்ட் (ஓடும் கரன்டை அளக்க உதவும் சின்ன உலோகத் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அது எண்ணும். பொருத்தும்போது ஒன்று முக்கியம்: பேட்டரி மைனஸ் முனையில் ஷன்ட் தவிர வேறு எந்த ஒயரும் நேராக இருக்கக் கூடாது. பேனலின் கரன்டை அளந்து பேட்டரிக்குக் கொடுக்கும் சோலார் கன்ட்ரோலரின் மைனஸும் ஷன்டைத் தாண்டித்தான் வர வேண்டும். இல்லையென்றால் வெயிலில் வந்த வரவு கணக்கில் ஏறாது, பேட்டரி எப்போதும் காலியாகவே காட்டும். என்னைக் கேட்டால், பேனலுக்கும் முன்னால் வாங்க வேண்டிய பொருள் இந்த மானிட்டர்தான்.

பேட்டரி: ஈயமா, லித்தியமா?

ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. அடிக்கடி எடுத்தால் ஆயுள் குறையும். சாமான் எதுவும் ஓடாமல், சார்ஜும் ஏறாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.1 என்றால் பாதி. அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். குறைந்த செலவில் நல்ல ஏற்பாடு, கோல்ஃப் வண்டிகளுக்குப் போடும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் ப்ளஸை மற்றதன் மைனஸோடு, இணைப்பது. சுமார் 220 ஆம்பியர்-மணி கிடைக்கும், அதில் 110 எடுக்கலாம். எங்கள் 90க்கு அது ஒரு நாளைத் தாண்டும். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். அந்த வேலை வேண்டாம் என்றால் ஏஜிஎம் எனப்படும் மூடி முத்திரையிட்ட ஈய-அமில வகை. விலை கூட, பராமரிப்பு கிடையாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பேட்டரியின் உள் வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. செல்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பாலைவனம்தானே என்று நினைக்காதீர்கள், டிசம்பர் இரவுகளில் உறைநிலை அங்கே சாதாரணம். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் வண்டிக்கு உள்ளே வையுங்கள். இன்னொன்று, லித்தியம் பேட்டரி காலியாகும்வரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. மல்டிமீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, மானிட்டர் இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரிதான். ஓட்டும்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) சார்ஜ் செய்வதானால், கரன்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் இடையில் போட வேண்டும். இல்லாவிட்டால் லித்தியம் கேட்கிற கரன்டைக் கொடுத்துக்கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

முதல் வருடத்துக்கு ஈயமே போதும் என்பது என் கருத்து. உங்கள் செலவு எவ்வளவு என்று ஒரு சீசன் அளந்து தெரிந்துகொண்டு, அப்புறம் லித்தியத்துக்குப் போகலாம்.

எத்தனை வாட்?

பேனலின் மேல் 100 வாட் என்று எழுதியிருப்பது ஆய்வுக்கூட அளவு: நேர்ச் செங்குத்தான வெளிச்சம், 25 டிகிரி வெப்பம். கூரையில் அது கிடைக்காது.

அரிசோனாவின் குவார்ட்ஸைட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் ஆர்விக்காரர்கள் (மோட்டார் ஹோம் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள்) கூட்டம் கூட்டமாக வந்து தங்கும் சின்ன ஊர். சுற்றிலும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான திறந்த வெளி. அந்தத் துறையின் நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள்வரை தங்கலாம்; தண்ணீர், கரன்ட் எதுவும் கிடையாது. ஊர் இருப்பது ஏறக்குறைய 33.7 டிகிரி வட அட்சத்தில். டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. கூரையில் மல்லாந்து கிடக்கும் பேனலில் அந்தச் சாய்ந்த வெயிலின் பாதிக்குச் சற்று மேல்தான் விழும். ஜூனில் அதே சூரியன் 80 டிகிரிக்கு ஏறிவிடும், படுக்கைப் பேனலே போதும். கோடையில் வெயில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது, தேவையோ குறைவு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிறது, வெயிலோ குறைவு. கணக்கைக் குளிர்காலத்துக்குப் போட வேண்டியதன் காரணம் இதுதான்.

எங்கள் மானிட்டரில் வரும் எண்ணுக்கும் தாளில் போட்ட கணக்குக்கும் ஒத்துப்போகிற அளவு இது. அந்தப் பகுதியில் டிசம்பரில் 100 வாட் பேனல் படுத்தபடி இருந்தால் நாளுக்கு 17 ஆம்பியர்-மணி தரும். தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்தால் 28, 29. நாளுக்கு 90 வேண்டுமென்றால் படுக்கையில் 500 வாட்டுக்கு மேல் தேவை. சாய்த்தால் 300 வாட்டுக்குச் சற்று மேல் போதும். மேகம் மூடும் நாளும் வரும் என்பதால் 400 என்று வைத்துக்கொண்டோம். கூரையில் இடமும் அதற்குத்தான் இருந்தது.

கூரையிலா, கையில் எடுத்து வைப்பதா?

கூரைப் பேனலைப் போட்டபின் மறந்துவிடலாம். ஓட்டும்போதும் சார்ஜ் ஏறும். ஆனால் மர நிழலில் வண்டியை நிறுத்தினால் பேனலும் நிழலில்தான். சூட்கேஸ் மாதிரி மடியும் பேனல் என்றால் வண்டியை நிழலில் விட்டுவிட்டுப் பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம், சூரியன் போகிற பக்கம் திருப்பலாம். காற்று தள்ளிவிடாமல் கல்லோ கயிறோ கட்ட வேண்டும். வெளியே போகும்போது பூட்டவோ உள்ளே எடுத்து வைக்கவோ வேண்டும். கோடையில் மரங்களுக்கு நடுவே தங்குகிறவர்களுக்கும், வாடகை வண்டி எடுக்கிறவர்களுக்கும் மடிப்புப் பேனலே நல்லது. பாலைவனக் குளிர்காலத்துக்குக் கூரை.

மடிப்புப் பேனல் வாங்கினால் இரண்டு இடத்தில் கவனம். பல வண்டிகளின் பக்கவாட்டில் ‘சோலார் ரெடி’ என்று ஒரு சாக்கெட் இருக்கும். அதற்குப் பின்னால் வெறும் ஒயர் மட்டும் இருக்கலாம், கன்ட்ரோலரும் இருக்கலாம். பேனலோடு ஒரு கன்ட்ரோலர், வண்டிக்குள் இன்னொன்று என இரண்டும் வரிசையாகச் சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. ஒன்றைத் தவிர்க்க வேண்டும். அடுத்தது, அந்த இரட்டை முனை எஸ்ஏஇ சாக்கெட்டுகளில் எல்லா நிறுவனங்களும் ப்ளஸ் மைனஸை ஒரே மாதிரி வைப்பதில்லை. பிளக் சரியாகப் பொருந்துகிறதே என்று நம்பாமல், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். மாறியிருந்தால் மாற்றிக் கொடுக்கும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது.

சார்ஜ் கன்ட்ரோலர்

பேனலை நேராகப் பேட்டரியில் மாட்டக் கூடாது. ‘12 வோல்ட்’ என்று விற்கும் பேனல் வெயிலில் 18, 20 வோல்ட் தரும், பேட்டரி கொதித்துவிடும். நடுவில் நின்று அளந்து கொடுப்பது கன்ட்ரோலர்.

மலிவானது பிடபிள்யூஎம். அது பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது. 18 வோல்ட்டில் 5.5 ஆம்ப் தரக்கூடிய 100 வாட் பேனல், 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பைத்தான் தரும். 100 வாட் 72 ஆகிவிடும். எம்பிபிடி என்பது உபரி வோல்டேஜைக் கரன்டாக மாற்றித் தருகிறது. ஒற்றைச் சின்னப் பேனலுக்கு பிடபிள்யூஎம் போதும். 200 வாட்டைத் தாண்டினால் எம்பிபிடிக்குப் போங்கள், குறிப்பாகக் குளிர்காலத்தில்.

எம்பிபிடி கன்ட்ரோலரின் பெயரோடு 75/15, 100/30 என்று எண்கள் வரும். முதல் எண் பேனல் பக்கம் தாங்கக்கூடிய உச்ச வோல்டேஜ், இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் உச்ச ஆம்ப். 400 வாட்டை 13 ஆல் வகுத்தால் 30 ஆம்ப். அதனால் நாங்கள் 100/30 எடுத்தோம். முதல் எண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம். பேனல் குளிரக் குளிர அதன் வோல்டேஜ் ஏறும். எதிலும் இணைக்காத திறந்த நிலையில் 24 வோல்ட் காட்டும் பேனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 72. உறையும் காலையில் அது 80ஐத் தொடும். 75 தாங்கும் கன்ட்ரோலர் அந்தக் காலையோடு போய்விடும்.

ஒயரும் ஃபியூஸும்

சோலார் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிறவர்களின் வண்டியைப் பார்த்தால் பல தடவை குற்றவாளி ஒயர்தான். எண் கூடக் கூட ஒயர் மெலியும்: 10 கேஜ் மெல்லியது, 6 கேஜ் தடித்தது. 10 கேஜ் ஒயரில் 30 ஆம்ப் கரன்டை போக 6 மீட்டர், வர 6 மீட்டர் ஓட்டினால் வழியிலேயே கிட்டத்தட்ட 1.2 வோல்ட் போய்விடும். கன்ட்ரோலர் 14.4 கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வருவது 13.2. அந்த வோல்டேஜில் ஈய-அமில பேட்டரி நிறையவே நிறையாது.

இதற்கு மருந்து எளிது. கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில், ஆனால் பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் இல்லாமல், ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். அந்தச் சின்னத் தூரத்துக்கு 6 கேஜ் ஒயர். கூரையிலிருந்து கன்ட்ரோலர்வரை வரும் நீள ஒயர் 10 கேஜே போதும். 200 வாட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் அதில் 40 வோல்ட்டில் 10 ஆம்ப்தான் ஓடும், அதே நீளத்தில் நஷ்டம் நூற்றுக்கு ஒன்று.

தொடர் இணைப்பில் ஒரு குறை உண்டு: ஒரு பேனலில் நிழல் விழுந்தால் வரிசையே பாதிக்கப்படும். ஏசி பெட்டியின் நிழலோ ஆன்டெனா நிழலோ தவிர்க்க முடியாதபடி விழும் கூரை என்றால் இணையாக (ப்ளஸ்களை ஒன்றாக, மைனஸ்களை ஒன்றாக) மாட்டித் தடித்த ஒயர் போடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ பேனல்களை இணையாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும்.

பேட்டரி ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்; 30 ஆம்ப் கன்ட்ரோலருக்கு 40 ஆம்ப் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது ஒயரை. எங்காவது தோல் உரிந்து வண்டியின் உலோகச் சட்டமான சாசியில் பட்டால், பேட்டரியில் உள்ள அத்தனை கரன்டும் அந்த ஒயர் வழியே பாய்ந்து தீப்பிடிக்கும். பிள்ளைகள் தூங்கும் வண்டி இது. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் ஒரு சுவிட்சோ பிரேக்கரோ வைத்தால் பின்னால் எந்த வேலைக்கும் உதவும்.

கூரையில் பொருத்துவது

ஏறுமுன் அட்டையில் பேனல் அளவுக்கு வெட்டி கூரையில் பரப்பிப் பாருங்கள். ஏசி, வென்ட், ஆன்டெனா நிழல்கள் காலை, நண்பகல், மாலை எங்கே விழுகின்றன என்று ஒரு நாள் கவனித்தால் இடம் தானாகத் தெரியும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். காற்று போனால் பேனல் சூடாகாது, சூடாகாவிட்டால் கூடுதல் கரன்ட். நடக்கவும் வழி விடுங்கள்.

ரப்பர் கூரையில் சாதாரண சிலிகான் ஒட்டாது. ஆர்வி கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவி மட்டமாகும் சீலன்டைத்தான் ஒவ்வொரு திருகின் மேலும் ஊற்ற வேண்டும். அடியில் பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை). திருகு ஓட்டை ஒன்றில் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் அழுகி, அந்தச் செலவில் பத்து பேனல் வாங்கலாம். வருடம் ஒரு முறை ஏறி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைக் கீழே கொண்டுவர, கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கும் வண்டிகளில் அதன் கூரை வென்ட் வழியே இறக்குவது நல்ல வழி. புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜின் புகைபோக்கியில் படாமல் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். சாய்க்கும் கால்கள் உள்ள பிராக்கெட்டாக முதலிலேயே வாங்கிக்கொண்டால் பின்னால் மறுபடி கூரையைத் தொட வேண்டாம்.

இணைக்கும் வரிசை

வெயில் பட்ட நிமிடத்திலிருந்து பேனலில் கரன்ட் உண்டு. வேலை முடியும்வரை தடித்த போர்வையால் மூடி வையுங்கள். முதலில் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு இணையுங்கள். கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு அது 12 வோல்ட் அமைப்பு என்று கண்டுகொள்ளும். அடுத்து அதில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள். ஈயத்துக்கு வைத்த அமைப்பில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. அப்புறம் மல்டிமீட்டரில் பேனல் ஒயரின் ப்ளஸ் மைனஸைச் சரிபார்த்துவிட்டு, கடைசியாகப் பேனலை மாட்டுங்கள். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல், பிறகு பேட்டரி.

வண்டியில் ஹவுஸ் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். கன்ட்ரோலரின் ஒயர் அந்த சுவிட்சுக்குப் பேட்டரி இருக்கும் பக்கம் சேர வேண்டும். மறுபக்கம் சேர்த்துவிட்டால், வண்டியை நிறுத்தி சுவிட்சை அணைத்ததும் சோலாரும் பேட்டரியை விட்டுப் பிரிந்துவிடும்.

கேம்ப்பில் ஒரு நாள்

வண்டியை நிறுத்தும்போதே திசை பாருங்கள். முகப்பு கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால், பக்கவாட்டில் சாயும் பேனல்கள் தெற்கைப் பார்க்கும். டிசம்பரில் தரையிலிருந்து 55, 60 டிகிரிக்கு நிமிர்த்தினால் நண்பகல் வெயில் நேராக விழும். பலத்த காற்று என்றால் இறக்கிவிடுங்கள். பேனலைச் சாய்த்தபடி ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. சாவியோடு ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்திருக்கிறோம், பேனல் நிமிர்ந்திருந்தால் ரிப்பன் ஸ்டியரிங்கில் இருக்கும்.

காலையில் எழுந்ததும், வெயில் ஏறுமுன் மானிட்டரைப் பார்ப்பது எங்கள் வீட்டில் காபிக்கு முந்தைய வேலை. 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குக் கீழே என்றால் ஜெனரேட்டரை காலை நேர அனுமதியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், மாலையில் ஓட்டாதீர்கள். காரணம் இதுதான். ஈய-அமில பேட்டரி 80 சதவீதம்வரை வேகமாகக் குடிக்கும்; கடைசி 20 சதவீதத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், நாலு மணி நேரம்கூட ஆகும். அந்த மெதுவான பங்குக்கு ஜெனரேட்டரை உறுமவிட்டால் பெட்ரோல்தான் வீண். காலையில் ஜெனரேட்டர் பெரும்பங்கை ஊற்றட்டும், மிச்சத்தை வெயில் சத்தமில்லாமல் நிரப்பட்டும். ஈய-அமில பேட்டரி அடிக்கடி முழுதாக நிறைந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். அந்த வேலைக்கு சோலாரைப் போல எதுவும் இல்லை.

லேப்டாப், போன், கேமரா சார்ஜ் எல்லாவற்றையும் பகல் 11 முதல் 2க்குள் முடித்துவிடுங்கள். இரவில் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலும் அது ஒரு ஆம்ப் வரை தின்னும். தெர்மோஸ்டாட்டை 13 டிகிரிக்கு இறக்கி, ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தபோது எங்கள் ஹீட்டர் கணக்கு ஏறக்குறைய பாதியானது. பாலைவனத்தில் பேனல்மேல் மண் சீக்கிரம் படியும். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

வண்டி சும்மா நிற்கும் மாதங்களில்

திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு சோலார் பெரிய வரம். ஈய-அமில பேட்டரியை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கும். நீங்கள் தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். லித்தியத்துக்கு இது பொருந்தாது. அதை மாதக்கணக்கில் முழுச் சார்ஜில் வைப்பது நல்லதல்ல. பாதி அளவில் விட்டு, சோலார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எஞ்சின் பேட்டரியை மறந்துவிட வேண்டாம், அதுவும் மெல்ல இறங்கும். ஹவுஸ் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது மட்டும் அதிலிருந்து கொஞ்சம் எஞ்சின் பேட்டரிக்குக் கடத்திவிடும் சின்னக் கருவி விற்கிறது. இரண்டு மூன்று ஒயர் வேலைதான்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நேராகப் பூங்காவுக்குக் கிளம்பாதீர்கள். வீட்டு வாசலிலோ, வண்டி நிற்கும் யார்டிலோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குளிரான ஓர் இரவு குடும்பத்தோடு அதற்குள்ளேயே படுத்துப் பாருங்கள். ஹீட்டர், விளக்கு, பம்ப் எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். காலையில் மானிட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை மூன்று மணிக்குள் கன்ட்ரோலர் ஃப்ளோட் நிலைக்கு (பேட்டரி நிறைந்து, நிறைந்தபடி வைத்திருக்கும் நிலை) வந்துவிட்டால் தைரியமாகக் கிளம்பலாம். வராவிட்டால் கணக்கில் எது விட்டுப்போனது என்று அங்கேயே தேடுங்கள்; ஹார்டுவேர் கடை பத்து நிமிடத்தில் இருக்கிறது, பிள்ளைகள் தூங்க வீடும் இருக்கிறது.